தள்ளு

பதினெட்டுக் கிலோ பூனை மணல்.
ஆலிவர் சாலையில் யாரோ ஒருவரின்
யாரோ ஒரு பூனைக்கு.
தோளுக்கு மேலிருக்கும் தட்டில் அதை ஏற்ற
என்னால் முடியவில்லை.
இரண்டாவது முறையும்.
கண்காணிப்பாளர் நல்ல மனிதர், திட்டவில்லை.
"கடித உறைப் பக்கம் மாறிக்கொள்ளேன்" என்றார்.
மணிக்கு ஒன்றரை டாலர் குறைவு.

தண்டர் பே. ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
கிடங்கின் ஷட்டர் தூக்கும்போதெல்லாம்
ஏரி உள்ளே வந்து
எல்லாரையும் தொட்டுவிட்டுப் போகிறது.

இடைவேளையில் கைசா
ஓர் அட்டைப்பெட்டியைத் தட்டையாக்கி விரித்து
இருபது தண்டால் எடுத்தாள்.
எழுந்து, ஆறிப்போன காப்பியைக் குடித்தாள்,
குடையை மடித்து மூலையில் சாத்தியவள்போல.

தண்டால்.
எங்கள் வீட்டில் அது ஆண்பிள்ளைச் சொல்.
அண்ணன் மொட்டைமாடியில் எடுப்பான்,
எண்ணுவது என் வேலை.
ஐம்பதுவரை பிசகாமல் எண்ணியிருக்கிறேன்.
ஒன்றுகூட எடுத்ததில்லை.

"முதலில் சுவர்" என்றாள் கைசா.
குளியலறைச் சுவரைத் தள்ளினேன்.
பக்கத்து வீட்டுக்காரர்
பதிலுக்குத் தட்டினார்.

பிப்ரவரியில் சமையல் மேடை.
குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் எட்டு.
பருப்பு குழைந்தது, நானும்.
மறுநாள் தலை சீவக் கை எழவில்லை.
சீப்பை மேசையில் ஊன்றி
தலையைக் கொண்டுபோய் அதனிடம் கொடுத்தேன்.

வலிக்கிற இடங்களுக்கெல்லாம்
நூலகப் புத்தகத்தில் படம் இருந்தது:
மார்பில் விசிறிபோல் விரிந்து கிடப்பது,
தோளுக்கு மூடிபோட்டிருப்பது,
மேல்கையின் பின்புறம், நாற்பது வருடமாய்
நீளக்கைச் சட்டைக்குள் நான் ஒளித்துவைத்த தொளதொளப்பு,
அதற்கும் மூன்று தலை உண்டாம்.
வயிறும் இறுக வேண்டும், இல்லையென்றால்
ஈரப் போர்வை போட்ட கொடிபோல்
இடுப்பு தொய்ந்துவிடும்.
நார்கள் கொஞ்சம் நைந்துபோகுமாம்,
தூக்கத்தில் முன்னைவிடத் தடித்த இழையால்
தம்மைத் தாமே தைத்துக்கொள்ளுமாம்.
எட்டு மணி நேரம் வேண்டும் என்றிருந்தது.
எனக்குக் கிடைப்பது ஆறு.
அவசரத் தையல்தான்.

தள்ளு என்ற சொல்லை
நான் எத்தனை விதமாய்ச் சுமந்திருக்கிறேன்!
காலம் தள்ளினேன்.
பல் மருத்துவரைத் தள்ளிப்போட்டேன்.
தள்ளுபடியில் வாங்கிய கோட்டில்
நான்கு குளிர்காலம்.
விசேஷங்களில் தள்ளி நின்றேன்.
தள்ளாத வயது என்று ஒன்று வரும்
என்பதும் தெரியும்.
கையை ஊன்றி, மூச்சை விட்டு,
என்னை நானே தள்ளியதுதான் இல்லை.

மார்ச்சில் படிக்கட்டு.
மூன்றாம் படி, இரண்டாம் படி.
முதல் படியில் பத்து நாள் சிக்கிக்கொண்டேன்.
"இறங்கும்போது அவசரப்படாதே,
நான்கு எண்ணி இறங்கு" என்றாள் கைசா,
ஸ்கேனரைச் சுட்டுக்கொண்டே.
விழுவதும் கீழேதான் போகிறது, இறங்குவதும்.
நடுவில் நான்கு எண்கள்.
அங்கேதான் கைகள் ஏதோ கற்றுக்கொள்கின்றன.

ஏப்ரல், அதிகாலை ஐந்து பத்து.
வெளியே கூரை சொட்டுகிறது.
வெறும் தரை.
உள்ளங்கை இரண்டும் தோளுக்குச் சற்று வெளியே,
முழங்கால் தரை தொடாமல்.
நான்கு. மூன்று. இரண்டு.
மூக்கு தரையைத் தொட்ட அந்தத் தாழ்வில்
அடுப்புக்கு அடியில் பார்த்தேன்:
ஒரு கொண்டைக்கடலை,
போன தீபாவளிக்குத் தொலைத்த
தோட்டின் சுரை,
தூசிக்குள் ஒரு துளி மஞ்சள்.
யாரையெல்லாமோ சந்தேகப்பட்டிருந்தேன்.

முழங்கைகள் நடுங்கின.
தரை விட்டுக்கொடுக்கவில்லை,
நானும்.
மேலே வந்தேன்.

எண்ணுவதற்கு ஆளில்லை.
"ஒன்று" என்றேன், சத்தமாய்.

இரண்டாவதில் பாதிவழியில் நின்று
அப்படியே குப்புற விழுந்தேன்.
கன்னத்தில் சில்லென்ற தரை.
கையை நீட்டிச் சுரையை எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை லாரி வரும்.
அதற்குள் இரண்டு வருமா, தெரியாது.
தட்டு எட்டுமா, அதுவும் தெரியாது.
பூனைகள் மட்டும்
காத்திருக்கப்போவதில்லை.